மண்டையோட்டில் ஒட்டிய வளையங்கள்: இரும்பு முக்காடு உண்மையில் தலையைக் காத்ததா?

கோட்டைவாசல் | சனிக்கிழமை, இரவு 10:12

வேலை நிமித்தம் இரண்டு வருடமாக ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன். போன வாரம் கப்பல் ஏறி கோட்லாந்து தீவின் விஸ்பி நகரத்துக்குப் போய்வந்தேன். அங்கே அருங்காட்சியகத்தில் பார்த்த ஒரு பொருள் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு கட்டி. கடலடியில் கிடந்து சிப்பி படிந்த பானை என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போய்க் குனிந்தபோது பல்வரிசை தெரிந்தது. மண்டையோடு. அதைச் சுற்றி நெற்றியிலிருந்து தாடை வரை சின்னச் சின்ன இரும்பு வளையங்கள், துருவில் ஒன்றோடொன்று ஒட்டி, எலும்போடும் ஒட்டி. இறந்தவன் தலையில் போட்டிருந்த இரும்பு முக்காடு அப்படியே அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது.

1361 ஜூலை 27 அன்று டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமாரின் படை விஸ்பி நகர மதிலுக்கு வெளியே கோட்லாந்து உழவர்களை வெட்டிச் சாய்த்தது. நகரத்தார் கதவைத் திறக்கவில்லை. மதிலுக்கு உள்ளேயே இருந்துகொண்டு, பிறகு சரணடைந்தார்கள். வெயில் காலம், பிணங்கள் அழுகத் தொடங்கிவிட்டன. கவசங்களைக் கழற்ற நேரமில்லாமல் பெருங்குழிகளில் போட்டு மூடினார்கள். 1905க்குப் பிறகு அவற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன.

என் கேள்வி இதுதான். முக்காட்டோடு இத்தனை பேர் செத்துக் கிடக்கிறார்கள். சில மண்டைகளில் அம்புமுனையே சிக்கியிருக்கிறது. அப்படியானால் இந்த வளையப் பின்னல் தலைக்கு என்னதான் செய்தது? எடைக்கு எடை இரும்பைச் சுமந்ததுதான் மிச்சமா?

வண்டிச்சக்கரம் | சனிக்கிழமை, இரவு 10:31

ஆங்கிலத்தில் இதை மெயில் என்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மங்களூர் மெயில் பற்றிய இழை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். வந்தது வந்தாயிற்று, உட்கார்ந்து கேட்கிறேன்.

ஓலைச்சுவடி | ஞாயிறு, காலை 6:05

தம்பி கோட்டைவாசல், பெயரில் தொடங்குவோம். பலரும் இதைச் சங்கிலிக் கவசம் என்று எழுதுகிறார்கள். சங்கிலி என்பது ஒற்றை வரிசையாக நீளப் போவது. இது நாலா பக்கமும் கோத்த பரப்பு. இடைக்காலத்தில் இதை அணிந்தவர்கள் சங்கிலி என்று சொல்லவே இல்லை, அந்த அடைமொழி மிகவும் பிற்காலத்தில் ஒட்டியது. அவர்கள் சொன்ன ‘மாய்’ என்ற பிரெஞ்சுச் சொல், வலையின் கண்ணைக் குறிக்கும் ‘மாகுலா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது வலை. நமக்கு அது வளை. ஒரு லகர ளகர வேறுபாட்டில் இரண்டு மொழியும் சந்திப்பதைப் பார்த்து நேற்றிரவு நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

‘இரும்பு முக்காடு’ என்று நீங்கள் எழுதியது மிகப் பொருத்தம். நம்மிடம் பழைய சொல் ஒன்றும் இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் ‘இரட்சணியமென்னும் தலைச்சீரா’ என்று வரும். தேவாலயம் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். அந்தச் சீராவுக்கும் வளையக் கவசத்தைக் குறிக்கும் ‘ஸிரிஹ்’ என்ற பாரசீகச் சொல்லுக்கும் உறவு உண்டென்றே என் செவிக்குப் படுகிறது. அகராதிக்காரர்கள் அடிக்க வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

குதிரைலாடம் | ஞாயிறு, பிற்பகல் 2:48

நான் இங்கிலாந்தில், லீட்ஸ் பக்கம். பதினோரு வருடமாக இடைக்காலப் போர் நிகழ்த்துகலைக் குழு ஒன்றில் இருக்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் காலாளாக வேடம். ஆகவே இந்த முக்காட்டை மணிக்கணக்கில் தலையில் சுமந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கோட்டைவாசல், நீங்கள் பார்த்தது முக்காட்டின் அந்திமக் காலம். 1361இல் ஐரோப்பாவின் பணக்கார வீரர்கள் அதைக் கைவிட்டிருந்தார்கள். அந்த உழவர்கள் பாட்டன் காலத்துப் பெட்டியைத் திறந்து எடுத்து மாட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். தாத்தாவின் லாம்பி ஸ்கூட்டரில் பந்தயத்துக்குப் போவது போல.

கொஞ்சம் பின்னால் போகிறேன். யார்க் நகரில் 1982இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எட்டாம் நூற்றாண்டுத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. பித்தளைப் பட்டையில் ஓஷெரே என்ற பெயர் பொறித்திருக்கும். அதன் பின்பக்க விளிம்பிலிருந்து வளையத் திரை ஒன்று பிடரியை மறைத்துத் தொங்குகிறது, ஏறத்தாழ 2,000 வளையங்கள். அப்போதே தலைக்குத் தகடு, கழுத்துக்குப் பின்னல் என்று பிரித்துவிட்டார்கள். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், மறுபடி அங்கேதான் வரப்போகிறேன்.

பதினோராம் நூற்றாண்டில் திரைக்குப் பதில் முக்காடு பரவலாகத் தெரிகிறது. நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போரைத் தையலில் காட்டும் பேயோ திரைச்சீலையில் மேலங்கியும் முக்காடும் ஒரே பின்னலாக இருக்கின்றன. மேலே மூக்குப்பட்டை வைத்த கூம்புக் கவசம். அதே சீலையின் கீழ்க்கரையில் செத்தவர்களின் கவசத்தைத் தலைவழியே உருவுகிறவர்களையும் தைத்து வைத்திருக்கிறார்கள். போர்க்களத்தில் வழக்கம் அதுதான். விஸ்பியில் வெயில் அந்த வழக்கத்தைத் தடுத்ததால்தான் நாம் இன்று இதைப் பேசுகிறோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் முக்காடு தனியாகக் கழன்றது. இங்கே சாலிஸ்பரி பேராலயத்தில் 1226இல் இறந்த வில்லியம் லாங்கெஸ்பேயின் கற்சிலை இருக்கிறது. தலையும் வாயும் வளையப் பின்னலால் மூடி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியப் படுத்திருப்பார். வாயை மூடும் அந்த மடிப்பைச் சண்டைக்கு முன் இழுத்து நெற்றிப்பக்கம் கயிற்றால் கட்டுவார்கள். சண்டை முடிந்ததும் அவிழ்த்துவிட்டால் கழுத்தில் தொங்கும். அவிழ்க்காமல் தண்ணீர் குடிக்க முடியாது. இது அனுபவம்.

இனி உங்கள் கேள்வி. முக்காடு தனியாக வேலை செய்ததே இல்லை. அடியில் பஞ்சு அல்லது துணி வைத்து அடர்த்தியாகத் தைத்த தொப்பி, அதன்மேல் முக்காடு, அதற்கு மேலோ கீழோ இரும்புக் கிண்ணம், வசதி இருந்தால் எல்லாவற்றுக்கும் மேல் வாளி போன்ற பெருங்கவசம். பஞ்சுத் தொப்பி மண்ணில் மட்கிவிடும், இரும்பு நிற்கும். கண்ணாடிப் பெட்டியில் நீங்கள் பார்த்தது பாதி உடுப்பு.

பிணவறைவெளிச்சம் | ஞாயிறு, இரவு 8:20

தடயவியல் மருத்துவத்தில் இருபது வருடம் கழித்தவள். எலும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

கோட்டைவாசலின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. விஸ்பிக் குழிகளில் இருப்பவர்கள் எல்லாரும் இறந்தவர்கள். எவன் தலையில் விழுந்த வெட்டை முக்காடு தடுத்ததோ, அவன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்துக் கிழவனாகிச் செத்திருப்பான். குழியில் இருக்கமாட்டான். அரசு மருத்துவமனைப் பிணவறையில் நின்றுகொண்டு ஹெல்மெட் போட்டவர்களின் உடலை மட்டும் எண்ணினால், ஹெல்மெட் போட்டால் சாவு நிச்சயம் என்று தோன்றும். என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

இரண்டாவது, அந்த எலும்புகளில் கீழ்க்கால் வெட்டுகள் ஏராளம். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழுந்த வெட்டுகள் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு, காலில் கவசம் இல்லாதது காரணம் என்று கொள்ளலாம். ஆயுதம் வைத்திருப்பவன் மூடியிருக்கிற இடத்தில் நேரத்தை வீணாக்க மாட்டான். காலை வாரிவிட்டு, விழுந்தவனைப் பிறகு பார்த்துக்கொள்வான். விழுந்து கிடப்பவனின் தலையில் சாவகாசமாக விழும் அடியை எந்தக் கவசமும் தாங்காது.

போரில் செத்த இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டை 2012இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கண்டெடுத்தார்களே, அதில் பதினொரு காயம். ஒன்பது மண்டையில். இரண்டு மண்டையின் அடிப்பாகத்தில், பிடரிக்குச் சற்று மேலே. சாகும் நேரத்தில் தலைக்கவசம் இல்லை என்றுதான் ஆய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1485இல், தலைமுதல் கால்வரை தகட்டுக் கவசம் கிடைத்த காலத்து அரசனுக்கே இந்த நிலை.

கோட்டைவாசல் | ஞாயிறு, இரவு 9:02

டாக்டர், ஒப்புக்கொள்கிறேன், குழியில் பிழைத்தவன் இருக்கமாட்டான். ஆனால் அந்த வாதம் என் முடிவைத்தான் உடைக்கிறதே தவிர, உங்கள் முடிவை நிறுவவில்லை. முக்காடு காத்தது என்பதற்குச் சாட்சி எங்கே? பிழைத்தவனைக் காட்டுங்கள்.

குதிரைலாடம் | ஞாயிறு, இரவு 11:40

பிழைத்தவன் வேண்டுமா? 1191, பாலஸ்தீனக் கடற்கரை. சிலுவைப் போருக்குப் போன இங்கிலாந்து மன்னன், சிங்க மனத்தன் ரிச்சர்டின் படை ஆர்சுஃப் நோக்கி நடக்கிறது. எதிர்ப்பக்கம், முஸ்லிம் படையை நடத்திய சுல்தான் சலாதீனின் முகாமில் இருந்த பஹாவுத்தீன் எழுதியிருக்கிறார்: சிலுவைப் படைக் காலாட்கள் தடித்த கம்பளியும் அதன்மேல் வளையக் கவசமும் அணிந்திருந்தார்கள், ஒருவன் முதுகில் பத்து அம்புவரை தைத்திருக்கக் கண்டேன், அவன் பாட்டுக்கு வரிசை கலையாமல் நடந்துகொண்டிருந்தான் என்று. எதிரியே எழுதிய சாட்சி. முதுகுதான், தலையில்லை என்பீர்கள். பின்னல் ஒன்றுதானே.

அதே ரிச்சர்டு 1199 மார்ச் 26 அன்று ஷாலூஸ் கோட்டையை முற்றுகையிட்டபோது, மாலையில் உடல்கவசம் போடாமல் தலைக்கவசத்தோடும் கேடயத்தோடும் மட்டும் சுற்றிப் பார்க்கப் போனான். குறுக்குவில் அம்பு கழுத்தை ஒட்டி இடத் தோளில் தைத்தது. புண் அழுகி ஏப்ரல் 6இல் செத்தான். ஒரு மாலை கழற்றி வைத்ததற்கு அந்த விலை.

இன்னொன்று. 1214 ஜூலை 27, பூவீன் (Bouvines) என்ற ஊரில் நடந்த போர். பிரான்சு மன்னன் பிலிப் அகஸ்துவைக் காலாட்கள் கொக்கி மாட்டிக் குதிரையிலிருந்து இழுத்துப் போட்டார்கள். கவசம் கத்தியை உள்ளே விடவில்லை, அதற்குள் அவன் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தேதியைப் பாருங்கள், விஸ்பியும் ஜூலை 27தான். ஒரே தேதி ஒருவனை விட்டது, ஆயிரம் பேரை வாங்கிக்கொண்டது.

வண்டிச்சக்கரம் | திங்கள், காலை 7:15

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் ஊரில் சொன்னால் அங்கே முக்காட்டோடு போயிற்று என்பார்கள் போலிருக்கிறது.

பட்டறைப்புகை | திங்கள், இரவு 9:55

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகப் பொன்வேலை. நான் இப்போது வேறு உத்தியோகத்தில் இருந்தாலும் அப்பாவின் பட்டறைச் சாமான்கள் பின்கட்டில் அப்படியே இருக்கின்றன. இந்த வளையங்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கை அரித்தது.

எல்லாரும் ‘வளையம்’ என்று ஒரு சொல்லில் தாண்டிப் போகிறீர்கள். வேலையே அங்கேதான் இருக்கிறது. இரும்புக் கம்பியைக் கம்பியச்சின் ஓட்டைகள் வழியே இழுத்து இழுத்து மெலிதாக்க வேண்டும். எங்கள் வீட்டில் தங்கத்துக்கு வைத்திருக்கும் அதே அச்சுத்தான், என்ன, இரும்புக்கு முழங்கை கழன்றுவிடும். இழுத்த கம்பியைக் கோலில் சுருளாகச் சுற்றி, நெடுக வெட்டினால் வாய் பிளந்த வளையங்கள் கிடைக்கும். நாங்கள் என்றால் அந்த வாயைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துவிடுவோம். அவர்கள் செய்தது வேறு. இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, நெருப்பில் காய்ச்சி இளக்கி, தட்டித் தட்டையாக்கி, அந்தத் தட்டையில் ஊசிமுனை அளவு துளை போட்டு, வளையத்தை நான்கு வளையங்களுக்குள் கோத்து, அந்தத் துளையில் எள்ளளவு ரிவிட் வைத்து அடித்து மூடினார்கள். ஒரு வளையத்துக்கு இவ்வளவு. ஒரு மேலங்கிக்கு இப்படி முப்பதாயிரம் அளவில் ஆகும் என்கிறார்கள்.

பல பழைய பின்னல்களில் ஒரு வரிசை ரிவிட் வைத்தது, அடுத்த வரிசை வாயே இல்லாத முழு வளையம். தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது, அல்லது காய்ச்சி ஒட்டியது. அதனால் ரிவிட் வேலை பாதியாகிறது. இதைக் கண்டுபிடித்தவன் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும். நல்ல கைவினைஞன் எல்லாருக்குள்ளும் ஒரு சோம்பேறி உண்டு.

கோட்டைவாசல், இணையத்தில் விற்கும் மலிவு முக்காட்டைப் பார்த்து யாரும் முடிவுக்கு வரவேண்டாம். அதில் வளையத்தின் வாய் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்கும், ரிவிட் கிடையாது. நான் ஒன்று வாங்கினேன். கட்டைவிரலால் அழுத்தி ஒரு திருகு திருகினேன், வளையம் வாய் திறந்துவிட்டது. அம்பு முனை எப்படி விடும்?

ஓலைச்சுவடி | செவ்வாய், காலை 5:50

பட்டறைப்புகை ஐயா, தலையின் உருண்டைக்கு அதை எப்படி வளைத்தார்கள்? சமப்பரப்பான வலையை மண்டைமேல் போட்டால் சுருங்கிச் சுருங்கி நிற்குமே?

பட்டறைப்புகை | செவ்வாய், இரவு 10:10

உச்சியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி இறக்குவது ஒரு முறை. சுற்று விரிய விரிய, இடையிடையே ஒரு கூடுதல் வளையத்தைச் செருகிக்கொண்டே வர வேண்டும். குரோஷே ஊசியில் தொப்பி பின்னுகிறவர்களைக் கேளுங்கள், அதே கணக்கு. கழுத்துக்கு வந்ததும் செருகுவதை நிறுத்தினால் குழாயாக இறங்கும், தோளுக்கு மறுபடி செருகினால் விரியும். ஊசி நூலில்லாத் தையல்காரன் வேலை.

குதிரைலாடம் | செவ்வாய், இரவு 11:30

போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். இங்கேயே சொல்கிறேன்.

என் முக்காடு ரிவிட் வைத்தது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தலையில் விழுந்த கணத்தில் குளிர்ந்த மணல்மூட்டை ஒன்று பிடரியில் சரிந்தது போல இருக்கும். உள்தொப்பி நன்றாக இறுகி இருக்காவிட்டால் பின்கழுத்து முடி வளையத்தில் மாட்டும். மாட்டியது தெரிவது தலையைத் திருப்பும்போதுதான், கண்ணில் நீர் வந்துவிடும். காது பாதி அடைத்துவிடும். கூப்பிடுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பிடிபடாது, முழு உடம்பையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் போனால் எடை எல்லாம் நெற்றிக்கு வந்துவிடும். அதனால் நெற்றியைச் சுற்றி ஒரு வாரைப் பின்னலுக்குள் கோத்து இறுக்குகிறோம். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் கிடக்கும் கற்சிலை வீரர்கள் சிலரின் நெற்றியிலும் அப்படி ஒரு வார் இருக்கிறது. முதலில் அதை அலங்காரம் என்று நினைத்தேன். ஒரு ஜூலை மாத மதியத்துக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

அந்தச் சிலைகளில் ஒன்று 1219இல் இறந்த புகழ்பெற்ற ஆங்கில வீரர் வில்லியம் மார்ஷலுடையது என்பார்கள். ஒரு பந்தயச் சண்டைக்குப் பிறகு பரிசு கொடுக்க அவரைத் தேடிப் போனபோது, கொல்லன் பட்டறையில் பட்டடைக்கல்மேல் தலையை வைத்துக்கொண்டு இருந்தாராம். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை, கொல்லன் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். கவசத்துக்குள் முக்காடும் பஞ்சும் இல்லாவிட்டால் அந்தத் தலை பரிசு வாங்கும் நிலையில் இருந்திருக்காது.

இனி எட்டாம் நூற்றாண்டு யார்க் தலைக்கவசத்துக்குத் திரும்பி வருகிறேன். 1330க்கு அப்புறம் என்ன நடந்தது? பாசினெட் என்ற கூர்முடித் தலைக்கவசம் வந்தது. மண்டைக்கு முழுத் தகடு. முக்காட்டை எடுத்துவிட்டு, கவசத்தின் விளிம்பிலிருந்தே வளையப் பின்னலைத் தோள்வரை தொங்கவிட்டார்கள். அவென்டெயில் என்று பெயர், நான் தொங்கல் என்பேன். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் காதுகள். பின்னலின் மேற்கரையில் தைத்த தோல்பட்டையில் துளைகள். காதுகளைத் துளைகளுக்குள் நுழைத்து, அவற்றின் வழியே ஒரு கயிறோ கம்பியோ ஓடவிட்டால், பாவாடைக்கு நாடா கோத்தது போல நின்றுவிடும். உருவினால் மொத்தத் தொங்கலும் கையோடு வரும், மணலில் உருட்டித் துரு எடுக்கலாம். 1376இல் இறந்த கறுப்பு இளவரசன் எட்வர்டின் உலோகச் சிலை கேண்டர்பரி பேராலயத்தில் இதைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறது.

அறுநூறு வருடம் சுற்றி, யார்க் கொல்லன் வைத்த இடத்துக்கே வந்தார்கள். தலைக்குத் தகடு, கழுத்துக்குப் பின்னல். அப்போ நடுவில் முக்காடு போட்ட தலைமுறைகள் முட்டாள்களா என்றால் இல்லை. கழுத்தையும் தாடையையும் இடைவெளியே இல்லாமல் மூட அதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் மண்டையைக் காக்கிற வேலையைத் தகடு எடுத்துக்கொண்டதும் பின்னலுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. கழுத்தில்தான் அதன் வேலை. கழுத்து திரும்ப வேண்டும், குனிய வேண்டும். தகடு திரும்பாது.

பிணவறைவெளிச்சம் | புதன், மாலை 6:25

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மண்டை என்பது எலும்புக் கூடு, மேலே தோல் மட்டும். பின்னல் அதன்மேல் ஒட்டிக் கிடந்தால் வெட்டு நிற்கும், ஆனால் அடியின் வேகம் அப்படியே எலும்புக்குப் போகும். தோல் கிழியாமலேயே உள்ளே எலும்பு நொறுங்கி ரத்தம் கட்டும். கழுத்தில் அபாயம் வேறு. இரு பக்கமும் பெரிய ரத்தக்குழாய்கள், தோலுக்கு ஓரங்குலம்கூட ஆழமில்லை. அங்கே ஆளைக் கொல்வது ஆழமில்லாத ஒரு கீறல். கீறலை நிறுத்துவதில் வளையப் பின்னலுக்கு நிகரில்லை.

முகத்துக்கு எதுவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1403இல் ஷ்ரூஸ்பரி போரில் பதினாறு வயது இளவரசன் ஹென்றியின் முகத்தில் அம்பு பாய்ந்து ஆறு அங்குல ஆழத்தில் முனை நின்றுவிட்டது. ஜான் பிராட்மோர் என்ற அறுவை மருத்துவர் அதற்கென்றே ஒரு கருவி செய்து, காயத்தை நாளுக்கு நாள் அகலப்படுத்தி, தேன் தடவி, முனையை வெளியே எடுத்தார். பையன் பிழைத்து ஐந்தாம் ஹென்றியானான். அந்த மருத்துவரின் கையை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமை.

கோட்டைவாசல் | புதன், இரவு 8:44

குதிரைலாடம் அண்ணா, ஓர் ஐயம். கழுத்துக்குப் பின்னல்தான் சரி என்றால் பதினைந்தாம் நூற்றாண்டில் ஏன் கழுத்துக்கும் தகடு போட்டார்கள்? 1420 வாக்கில் தோளோடு சேர்ந்த பெரிய தலைக்கவசங்களின் படங்களைப் பார்த்தேனே. உங்கள் வாதம் அங்கே நொண்டுகிறது.

குதிரைலாடம் | புதன், இரவு 11:15

நொண்டத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஈட்டி நேராகத் தொண்டையில் வந்தால் தொங்கல் தாங்காது, எலும்பு முறியும். அதனால் குதிரைவீரன் கழுத்துக்கும் தகடு கேட்டான். கிடைத்தது. தலையைத் திருப்பும் சுகம் போயிற்று.

ஆனால் அந்தத் தகட்டுக்கு அடியில் பாருங்கள். அடர்த்தியாகப் பின்னி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் வளையக் கழுத்துப்பட்டை ஒன்று பதினைந்தாம் நூற்றாண்டு முழுக்கத் தொடர்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கூலிப்படைக் காலாட்கள் தோளை மூடும் வளையப் போர்வையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், துப்பாக்கி வந்த பிறகும். உடம்பில் மற்ற இடமெல்லாம் பின்னலை விரட்டிய தகடு, கழுத்திலிருந்தும் அக்குளிலிருந்தும் மட்டும் முழுதாக விரட்ட முடியவில்லை. வளையும் இடங்கள் அவை.

பட்டறைப்புகை | ஞாயிறு, மாலை 5:30

நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இன்று பலன். இந்த இழை தொடங்கும் முன்பே, படம் பார்த்த ஆர்வத்தில், உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று பின்னத் தொடங்கியிருந்தேன். 280 வளையங்கள், ஒரு வரிசை ரிவிட், ஒரு வரிசை முழு வளையம். இரண்டு விரல்நுனியில் தோல் உரிந்துவிட்டது. இன்று முடிந்தது. முடிந்த கையோடு கொல்லைப்புறத்தில் சோதித்தும் பார்த்துவிட்டேன்.

டாக்டரின் மண்டைக்கு உரித்த தேங்காய். மணல்சாக்கின்மேல் வைத்து, துண்டை நேரடியாக அதன்மேல் போர்த்தி, அப்பாவின் வெட்டரிவாளால் ஒன்று போட்டேன். வளையம் ஒன்றுகூட அறுபடவில்லை. இரண்டு ரிவிட் தெறித்திருந்தது. துண்டை எடுத்துப் பார்த்தால் தேங்காய் நெடுக விண்டு, இளஞ்சூடாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வெட்டுக்காயம் கிடையாது, ஓட்டின்மேல் வளைய வளையமாக அச்சு விழுந்திருந்தது.

இரண்டாம் தேங்காயின்மேல் பழைய இலவம்பஞ்சுத் தலையணையின் ஒரு மடிப்பு வைத்து, அதன்மேல் துண்டு. அதே அரிவாள், முடிந்தவரை அதே வேகம். தேங்காய் தெறித்து உருண்டோடி துளசிமாடத்தில் முட்டி நின்றது. விரிசல் இல்லை.

கழுத்துக்கு வாழைத்தண்டு. இரண்டு விரல் இடைவெளி விட்டுத் துண்டை ஆணியில் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வீசினேன். தொங்கிய பின்னல் அரிவாளோடு உள்ளே போய், இடித்து, நின்றுவிட்டது. தண்டில் கன்றிய வடு மட்டும். துண்டு இல்லாமல் வீசியபோது தண்டு இரண்டாக விழுந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். கடைசியாக, நகைக்குத் துளையிடும் மெல்லிய கூர் உளியால் குத்தினேன். வளையத்தின் கண் வழியாக அரை அங்குலம் உள்ளே இறங்கிவிட்டது. கோட்டைவாசல் பார்த்த அம்பு முனைகள் எப்படி இறங்கின என்று எனக்குப் புரிந்தது.

பிணவறைவெளிச்சம் | ஞாயிறு, இரவு 7:10

முதல் தேங்காயின் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள். என் வகுப்பில் காட்ட வேண்டும். ஒரு கேள்வி: பஞ்சுக்கு மேல் இரும்புக் கிண்ணம், அதன்மேல் துண்டு என்று குதிரைலாடம் சொன்ன முழு அடுக்கையும் வைத்துப் பார்க்கவில்லையா?

பட்டறைப்புகை | ஞாயிறு, இரவு 7:48

கிண்ணம் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். வீட்டம்மா விடவில்லை. ஏற்கெனவே ஒரு தேங்காய் போயிற்று, உருண்டு தப்பிய தேங்காயை மட்டும் கொடு, சட்னிக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டுவிட்டார்.

கோட்டைவாசல் | ஞாயிறு, இரவு 8:30

விஸ்பிக்கு அடுத்த மாதம் மறுபடி போகிறேன். போனமுறை முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இந்தமுறை பெட்டியைச் சுற்றிவந்து பிடரிப் பக்கம் பின்னல் எதுவரை இறங்குகிறது, வாய்மடிப்பு கட்டியிருக்கிறதா அவிழ்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். மதிலுக்கு வெளியே ஒரு கற்சிலுவை நிற்கிறது. புனித யாக்கோபு நாளுக்கு அடுத்த செவ்வாயன்று கோட்லாந்தார் இங்கே டேனியர் கையில் வீழ்ந்தார்கள், அவர்களுக்காக வேண்டுங்கள் என்று அதில் வெட்டியிருக்கிறதாம். போனமுறை மழை என்று அதையும் விட்டுவிட்டேன்.

பட்டறைப்புகை அண்ணா, கிண்ணம் இங்கிருந்து வாங்கி அனுப்பட்டுமா?

வண்டிச்சக்கரம் | ஞாயிறு, இரவு 8:41

கிண்ணம் வரும்வரை தேங்காயை நான் பார்த்துக்கொள்கிறேன்.